பாண்டியராஜன் துடைத்த பக்கம்

கே.கே. நகர் வளைவைத் தாண்டி இரண்டாவது குறுக்குத் தெருவில், ஒரு பல் மருத்துவரின் மாடியில், பாண்டியராஜன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். 1999ஆம் வருடம் ஆவணி மாதம் தொடங்கிய கடை. ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாசலில் செருப்பு விடுவதற்கு ஒரு மரத்தட்டு. செருப்போடு உள்ளே வந்தவரை, அவர் யாராக இருந்தாலும், அவன் திருப்பி அனுப்பினான்.

சுத்தக்காரன் என்று தெருவில் பெயர். காலையில் கடையைத் திறந்ததும் பத்தி கொளுத்திவிட்டு, ஒவ்வொரு கீபோர்டையும் கவிழ்த்துத் தட்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எழுத்து எழுத்தாகத் துடைப்பான். செல்லம்பட்டி பக்கத்தில் ஆடும் மாடும் சாணமுமாக இருந்த ஒரு தொழுவத்துக்கு அடுத்த அறையில் பிறந்தவன். அவன் அம்மா சோலையம்மாள் மதுரைக்கு வந்து இதைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் அழுதுக்கிட்டே பெறப்பாக, இவன் வெளக்கமாத்தோட பெறந்தவன்" என்று மருமகள் தாமரைச்செல்வியிடம் சொன்னாள்.

வெறும் பிரவுசிங்கை நம்பி அவன் இருக்கவில்லை. மதுரைக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் பராமரித்துக் கொடுத்தான். ஒரு பித்தளைப் பாத்திரக் கடை, ஒரு லாட்ஜ், இரண்டு டிராவல்ஸ். வருடத்துக்கு ஒரு முறை பணம் கட்டி வெப்சைட்டின் பெயரைப் புதுப்பிக்க வேண்டும். விலையை மாற்ற வேண்டும், புதுப் படம் ஏற்ற வேண்டும், வந்த கடிதங்களுக்குப் பதில் போட வேண்டும். பல முதலாளிகளுக்குத் தங்கள் கடையின் பக்கம் எப்படி இருக்கிறது என்றே தெரியாது. விசிட்டிங் கார்டில் மூன்று டபிள்யூ இருந்தால் அவர்களுக்குப் போதும்.

ஹரிநாராயணன் அப்படிப்பட்டவர் அல்ல. 2003 ஆகஸ்டில் ஒரு நாள் தாமே மாடி ஏறி வந்து, செருப்பைத் தட்டில் நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் 'ஹரி டான்ஸ் டிரஸ்ஸஸ்' என்று கடை. பரதநாட்டிய உடுப்பு தைத்துக் கொடுப்பார்கள். சலங்கை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, ஜடை சாமான் எல்லாம் கிடைக்கும். வீடு திருமலை நாயக்கர் மகால் பக்கம். தறிக்காரக் குடும்பம்தான், அவருடைய அப்பா காலத்திலேயே தையலுக்கு மாறிவிட்டார்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி, வாசலுக்கு வெளியே மதுரைத் தமிழ்.

"தம்பி, எங்க கடைக்கு ஒரு வெப்சைட்டு ஏற்கெனவே இருக்கு. அத நீங்க பாத்துக்கணும்."

"யாருண்ணே பண்ணுனது?"

"வீட்டுப் பிள்ளை ஒண்ணு பண்ணுச்சு. இப்ப இல்ல."

பாண்டியராஜன் அதற்கு மேல் கேட்கவில்லை. இறந்துபோன பிள்ளை என்று நினைத்துக்கொண்டான். பக்கத்தைத் திறந்து பார்த்தான். இளஞ்சிவப்புப் பின்னணி, மூலையில் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சலங்கைப் படம், கீழே வந்து போகிறவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போக ஒரு கெஸ்ட் புக். காலேஜில் படிக்கும் பெண் ஒருத்தி ஆசை ஆசையாகச் செய்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

விவரம் சொன்னவர் கிரிதரன். ஹரிநாராயணனுக்குச் சித்தப்பா மகன், கடையின் தலைமைத் தையல்காரர். பாண்டியராஜன் படம் எடுக்கக் கடைக்குப் போனபோது, மிஷினை நிறுத்தாமலே பேசினார்.

"செத்தெல்லாம் போகல மாப்ள. பிருந்தான்னு பேரு. கூடப் படிச்ச பையனோட போயிருச்சு. வேற சாதி, வேற ஊரு. போயி ஒரு மாசங் கழிச்சுப் போன் பண்ணுச்சு. அண்ணன்தான் எடுத்தாரு. அப்பான்னுச்சு. வச்சுட்டாரு."

"வச்சுட்டாரா?"

"டொக்குன்னு வச்சுட்டாரு. அன்னைலருந்து அந்தப் போன் அடிச்சாப் போதும், வெட்டிக்கிட்டு இருக்குற துணியக் கூடப் போட்டுட்டு எந்திரிச்சு ஓடுறாரு. எடுத்தா அந்தப் பக்கம் நூல்கண்டு ஏவாரி பேசுறான்."

கிரிதரன் சிரித்தார். பாண்டியராஜனும் மரியாதைக்குச் சிரித்தான். பிறகு அதை மறந்துவிட்டான். ஒரு வீட்டு விஷயம். அவன் வேலை வெப்சைட்டோடு.

வேலையை அவன் நன்றாகவே செய்தான். கனடாவிலிருந்து ஒரு தாய் மகளின் இடுப்பு அளவைச் சென்டிமீட்டரில் எழுதி அனுப்ப, கிரிதரன் அதை அங்குலம் என்று எடுத்துக்கொண்டு துணி வெட்டத் தொடங்கி, பாதியில் நிமிர்ந்து, "இது பிள்ளைக்கா, கோயில் யானைக்கா?" என்று கேட்டார். அன்றே பாண்டியராஜன் அளவுப் பக்கத்தைத் திருத்தி, எங்கெங்கே டேப் வைக்க வேண்டும் என்று படம் போட்டு, அங்குலம் என்று கொட்டை எழுத்தில் எழுதினான். சிங்கப்பூர், கோலாலம்பூர், டொரண்டோ என்று ஆர்டர்கள் வந்தன. கிரிதரன் அவனைக் கம்ப்யூட்டர் வாத்தியார் என்று கூப்பிடத் தொடங்கினார்.

ஹரிநாராயணன் சனிக்கிழமை தவறாமல் டி.வி.எஸ். 50இல் கே.கே. நகர் வந்துவிடுவார். மகால் பக்கத்திலிருந்து முள்ளுமுருங்கை வடை ஒரு பொட்டலம் கொண்டுவருவார். எண்ணெய்க் கையோடு உள்ளே விடமாட்டான் என்பதால் இருவரும் மாடிப்படியில் நின்று தின்றுவிட்டு, கை கழுவிவிட்டு, கெஸ்ட் புக் முன்னால் உட்காருவார்கள். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அவன் படித்துச் சொல்ல வேண்டும்.

"கோலாலம்பூர்லருந்து ஒரு டீச்சர்ண்ணே. விசிறி மடிப்பு நல்லா உக்காந்திருக்குன்னு எழுதிருக்காங்க."

"சரி. வேற?"

"டொரண்டோல ஒரு அம்மா. பார்சல் வந்துருச்சாம், தாங்க்ஸ்னு போட்டிருக்காங்க."

"வேற?"

"அம்புட்டுதாண்ணே."

"அம்புட்டுதானா" என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

முதலாளிக்கு ஆர்டர் போதவில்லை என்று பாண்டியராஜன் எடுத்துக்கொண்டான். தேடும் தளங்களில் எல்லாம் கடையின் பெயரைப் பதிந்தான், வெளிநாட்டு நடனப் பள்ளிகளின் முகவரி தேடிக் கடிதம் போட்டான். ஆர்டர்கள் கூடின. சனிக்கிழமை வந்து அந்தச் சேதியைக் கேட்கும்போது ஹரிநாராயணன் தலையாட்டுவார். பிறகு, "வேற யாரும் எழுதலியா தம்பி?" என்பார். ஒரு முறை அவன் பக்கத்தின் அமைப்பையே மாற்றிப் புதிதாகச் செய்துகொண்டு போய்க் காட்டினான். ஆடும் சலங்கை இல்லை, இளஞ்சிவப்பு இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பழசே இருக்கட்டும் தம்பி. வாரவங்களுக்கு அடையாளம் மாறிறக் கூடாது."

"யாருண்ணே இந்தச் சலங்கையப் பாத்து அடையாளம் கண்டுபிடிச்சு வரப்போறாக?"

சலங்கை ஆடிக்கொண்டே இருந்தது.

2004 தை மாதம் கோலாலம்பூர் டீச்சர் கடைக்குப் போன் செய்தார். பிள்ளைகளுக்கு உடுப்பு மாதிரி காட்டலாம் என்று வகுப்பில் பக்கத்தைத் திறந்தாராம். கெஸ்ட் புக்கில் ஆண்மை மாத்திரை விளம்பரமும் அதைவிட மோசமான படத்துக்கு வழியும் இருந்ததாம். எங்கிருந்தோ இயந்திரங்கள் உலகத்துக் கெஸ்ட் புக்குகளில் எல்லாம் இப்படிக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. கிரிதரனுக்கு அன்று கொண்டாட்டம். "மாப்ள, நாம மருந்துக்கடையும் சேத்து நடத்துறோமாமே, சொல்லவே இல்ல" என்றார். ஹரிநாராயணன் சனிக்கிழமைக்குக் காத்திராமல் அன்றே வந்தார். முகம் செத்திருந்தது.

"தம்பி, சின்னப் பிள்ளைக பாக்குற பக்கம்."

பாண்டியராஜனுக்குத் தன் சட்டையில் சேறு பட்டதுபோல் இருந்தது. "இனிமே ஒரு அழுக்கு நிக்காதுண்ணே. நான் பாத்துக்கிறேன்" என்றான்.

சொன்னபடி செய்தான். காலையில் பத்தி கொளுத்தியவுடன் முதல் வேலை அந்தக் கெஸ்ட் புக். வாசல் பெருக்குவதைப்போல, யாரும் வந்து பார்ப்பதற்கு முன்னால் முடித்துவிடுவான். அவன் தனக்கு வைத்துக்கொண்ட கணக்கு எளிமையானது. தமிழிலோ இங்கிலீஷிலோ படித்தால் அர்த்தம் புரிய வேண்டும், உடுப்பைப் பற்றியோ கடையைப் பற்றியோ இருக்க வேண்டும். மற்றதெல்லாம் குப்பை. ரஷ்ய எழுத்து, சீன எழுத்து, எந்த மொழி என்றே தெரியாமல் இங்கிலீஷ் எழுத்தில் உளறுவது, எல்லாவற்றையும் அழித்தான். எழுதியவர் பெயர் 'பபு', 'ஜிஜி', 'பிபு' என்று என்னென்னவோ இருக்கும். அவற்றை நின்று படிக்க நேரம் ஏது.

அப்படி அழிக்கும்போது ஒரு நாள் ஒரு வரியை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். 2005 பங்குனி மாதம். பாட்டுப்போல் ஓடியது. வீட்டுக்குப் போய்த் தாமரைச்செல்வியிடம் சொல்லிக் காட்டினான்.

"என்னாங்க இது, குடுகுடுப்பைக்காரன் சொல்ற மாதிரி இருக்கு?"

"கம்ப்யூட்டர் பேய் பிடிச்சா இப்படித்தான் பேசும்."

அவர்களுடைய பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது. சோறு உண்ணாமல் அடம்பிடிக்கும். தாமரைச்செல்வி அந்த உளறலைத் தலையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, பிள்ளை வாய் பிளந்து சிரித்தது. திறந்த வாயில் அவள் ஒரு கவளத்தை வைத்தாள். அதிலிருந்து அந்த வீட்டில் சோறூட்டும் பாட்டு அதுவாயிற்று.

2006 கார்த்திகையில் கிரிதரன் ஒரு கல்யாணத்துக்குப் பரமக்குடி போனார். அங்கே பந்தியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவள் ஹம்சவேணி. பிருந்தாவோடு ஒரே வகுப்பில் படித்தவள், அவளுடைய இனத்துப் பெண். கிரிதரன் சும்மாதான் கேட்டார், பிருந்தாவிடமிருந்து ஏதாவது சேதி உண்டா என்று. ஹம்சவேணி இலையை மூடிவிட்டு எழுந்தாள். கை கழுவும் இடத்தில் வைத்து, "பிருந்தா அப்பாவுக்கு இம்புட்டுக் கல்நெஞ்சு இருக்கும்னு நான் நெனைக்கல மாமா" என்றாள்.

அவள் சொன்னது இதுதான். பிருந்தா மூன்று முறை கடையின் கெஸ்ட் புக்கில் எழுதியிருக்கிறாள். ஊரெல்லாம் பார்க்கிற இடம் என்பதால் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதாமல், வீட்டு மொழியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினாள். தன் பெயரும் போடவில்லை. சின்ன வயதில் தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் பிபு என்று சொல்லுவாளாம். வீட்டில் அதையே செல்லப் பெயராக வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைப் போட்டாள்.

"ஏன் பாப்பா, ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா?" என்று கிரிதரன் கேட்டாராம்.

"நானும் அதத்தான் கேட்டேன் மாமா. 'கடுதாசி போட்டா அப்பா படிச்சாரா கிழிச்சாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? இதுன்னா நிக்குதா இல்லையான்னு கண்ணால பாத்துக்கலாம்'னு சொன்னா. அப்பாவுக்கு டைப்படிக்கத் தெரியாது, பதில் எழுதச் சொன்னா யார்ட்டயாவது போயி நிக்கணும், கூச்சப்படுவாருன்னு அவளே யோசிச்சு எழுதிருக்கா. 'நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். இத அழிக்காம விட்டாப் போதும். அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு வந்துருவேன்'னு. மூணு வருசம், பங்குனில. மூணு தடவையும் மறுநாள் பாத்தா இல்ல. மத்தவங்க எழுதுனது எல்லாம் அப்படியே இருக்காம். இவ எழுதுனது மட்டும் இல்லையாம்."

கடைசியாகப் பேசியபோது, இனிமேல் எழுதப்போவதில்லை என்று பிருந்தா சொன்னாளாம். கணவனுக்கு வெளிநாட்டில் வேலை என்றாளாம், எந்த நாடு என்று சொல்லவில்லை. அதன்பிறகு போன் நம்பர் இல்லை. மெயில் போட்டால் திரும்பி வருகிறது.

கிரிதரன் ஊருக்கு வந்து, இதை அண்ணனிடம் தனியாகச் சொல்லாமல், அண்ணியும் இருக்கும்போது சொல்லிவிட்டார். சாரதாம்பாள் கணவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அழிச்சீங்களா?" அவர் இல்லை என்று சொன்னதை அவள் நம்பவில்லை. போனை வைத்தவர்தானே.

மறுநாள் காலை, ஸ்பிரிட் நனைத்த பஞ்சு கையில் இருக்கும்போதே, ஹரிநாராயணன் படியேறி வருவதைப் பாண்டியராஜன் பார்த்தான். புதன்கிழமை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். அவன் பஞ்சைக் கீழே வைத்தான்.

"தம்பி, நம்ம பக்கத்துல நாம எதையாவது அழிச்சோமா?"

'நாம' என்றுதான் கேட்டார்.

"குப்பை வரும்ல, அதத்தான் தெனமும் அழிக்கிறேண்ணே. நீங்க சொன்னதுதான?"

"பிபுன்னு பேரு போட்டு ஏதாச்சும்..."

அவர் நின்றபடியே முழுவதையும் சொன்னார். குரல் உயரவில்லை. பாண்டியராஜன் கேட்டுக்கொண்டே இருந்தான். சௌராஷ்டிர மொழி அவனுக்குப் புதிது இல்லை. மதுரையில் யாருக்கும் புதிது இல்லை. விளக்குத்தூண் கடைகளில், பஸ்ஸில், ஹரிநாராயணனும் கிரிதரனும் தறியும் துணியும் பேசும்போது, தினம் காதில் விழுகிற மொழி. ஆனால் எழுதி அவன் பார்த்ததே இல்லை. எழுதுகிற மொழியாக அது அவன் கண்ணில் ஒரு நாளும் படவில்லை. படித்து, பொருள் புரியாமல், குப்பை என்று தள்ளியிருக்கிறான்.

"அழிச்சுட்டேண்ணே" என்றான். "நாந்தான் அழிச்சேன்."

"திருப்பி எடுக்க முடியுமா?"

"முடியாதுண்ணே. அது வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஓசில குடுக்குற கெஸ்ட் புக்கு. அழிச்சது அழிச்சதுதான்."

"என்ன எழுதியிருந்துச்சு? ஒரு வார்த்த கூட ஞாபகம் இல்லியா?"

பாண்டியராஜனுக்கு உடனே ஞாபகம் வந்தது. தன் வீட்டில் அதை வைத்து என்ன செய்தோம் என்று நினைத்துக் கூசினான். கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்லுகிற அதே ராகத்தில், வாய்க்கு வந்தபடி அந்த வரியைச் சொன்னான்.

ஹரிநாராயணன் கண்ணை மூடினார். "இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி."

சொன்னான்.

அவர் அதையே திருப்பிச் சொன்னார். அதே வரிதான். ஆனால் அவர் வாயில் அது உளறலாக இல்லை. கடையில் தினம் கேட்கும் பேச்சாக, ஒரு வீட்டின் பேச்சாக இருந்தது. என்ன அர்த்தம் என்று பாண்டியராஜன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். பின்னொரு நாள் கிரிதரன்தான் சொன்னார், பெரிதாக ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் கேட்பதுதான்: 'அப்பா, சாப்பிட்டாச்சா?'

அன்று இரவு வீட்டில் தாமரைச்செல்வி பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டு பழக்கத்தில் பாட்டைத் தொடங்கினாள். "அதச் சொல்லாத" என்றான் அவன். அவள் காரணம் கேட்டாள். சொன்னான். கையில் பிசைந்த சோறு காயும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு என்ன தெரியும், அது பாட்டு வேண்டும் என்று அழுதது.

சாரதாம்பாள் கணவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று கிரிதரன் மூலம் கேள்விப்பட்டபோது, பாண்டியராஜன் மகால் பக்கத்து வீட்டுக்குப் போனான். தாமரைச்செல்வி தடுத்தாள். "அவரே ஒங்கள ஒண்ணும் சொல்லல. நீங்க ஏன் போயி வாங்கிக் கட்டிக்கிறீக?" என்றாள். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செய்யாத காரியத்துக்கு அந்த மனிதர் சொந்த வீட்டில் குற்றவாளியாக உட்கார்ந்திருக்கிறார்.

சாரதாம்பாள் அவனை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. அடுக்களை வாசலில் நின்று கேட்டாள்.

"அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. நாந்தான் அழிச்சேன். எனக்கு ஒங்க பாஷைன்னு தெரியல. அவரு சனிக்கிழமை சனிக்கிழமை வந்து வேற யாரும் எழுதலியான்னு கேப்பாரு. நான் அம்புட்டுதான்னு சொல்லுவேன். அழிச்சதச் சொல்லல, குப்பையப் போயி ஏன் சொல்லணும்னு..."

ஹரிநாராயணன் உள்ளறையில் இருந்தார். எழுந்து வரவில்லை.

"தெரியாமச் செஞ்சது" என்றாள் சாரதாம்பாள். "ஒன்னையச் சொல்லி என்ன இருக்கு தம்பி. அவ அப்பான்னு கூப்பிட்டப்ப, அது யாருன்னு தெரிஞ்சே ஒருத்தர் போன வச்சாரே. அன்னைக்கு அவரு வைக்காம இருந்திருந்தா, எம்பிள்ள ஒன் கம்ப்யூட்டர்ல வந்து ஏன் நிக்கப்போகுது?"

உள்ளறைக்குக் கேட்கும்படிதான் சொன்னாள். பாண்டியராஜன் தன் மேல் விழ வேண்டிய பழியைச் சுமக்கப் போனவன். போன இடத்தில் அவனுக்குப் பழி இல்லை என்று ஆயிற்று. பாரம் மட்டும் குறையவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஹரிநாராயணன் வந்தார். வடைப் பொட்டலம் இல்லை. உட்கார்ந்ததும், "முதல் பக்கத்துல ஒண்ணு போடணும் தம்பி. நான் சொல்றேன், நீங்க இங்கிலீஷ் எழுத்துல அடிங்க" என்றார். அவர்கள் மொழியில் மெல்ல மெல்லச் சொன்னார். பாண்டியராஜன் ஒவ்வொரு சொல்லையும் அடித்துவிட்டு, அவர் சொன்ன ஓசை வருகிறதா என்று படித்துக் காட்டினான். அவர் திருத்தினார். நாலு வரிக்கு ஒரு மதியம் ஆயிற்று. அதற்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி: இங்கே எழுதுவது எதுவும் அழிக்கப்படாது.

"இனிமே எதையும் அழிக்க வேண்டாம்."

"குப்பையும் சேந்து நிக்குமேண்ணே."

"நிக்கட்டும்."

நின்றது. பத்துப் பதினைந்து நாளிலேயே மாத்திரைகளும் சூதாட்டங்களும் கெஸ்ட் புக்கை மூடிவிட்டன. கோலாலம்பூர் டீச்சர் ஒரு முறை போன் செய்தார், இரண்டாம் முறை செய்தார், பிறகு சென்னையில் வேறு கடை பார்த்துக்கொண்டார். ஆர்டர்கள் குறைந்தன. "அண்ணே, கடைய மூடிருவோமா, இல்ல மாத்திரையே வித்துருவோமா?" என்று கிரிதரன் கேட்டுப் பார்த்தார். யாரும் சிரிக்காததால் மறுபடி கேட்கவில்லை.

2007 பங்குனி வந்தது. ஹரிநாராயணன் அந்த மாதம் மட்டும் தினமும் மாடி ஏறினார். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கினார். மகால் தெருவில் அவர்கள் வீட்டு வாசலில் வழக்கம்போல் பானகம் கொடுத்தார்கள். பாண்டியராஜனும் போய் நின்றான். ஒரு பானைக்கு ஹரிநாராயணனும் இன்னொரு பானைக்குச் சாரதாம்பாளும் நின்றார்கள். இருவரும் டம்ளர் நீட்டுகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஊற்றினார்கள். கூட்டத்தில் இளம்பெண் யாராவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தால் சாரதாம்பாளின் கை நின்றுவிடும். பிறகு ஊற்றும். பானை காலியானதும் கழுவிக் கவிழ்த்தார்கள்.

அதன்பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. பாண்டியராஜன் சென்டரில் இப்போது கூட்டம் இல்லை. வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துகொண்டிருந்தது. ஆறு கம்ப்யூட்டரில் நாலை விற்றுவிட்டான். மற்ற கடைகளின் பக்கங்களை நவீனமாக மாற்றிக் கொடுத்தான். ஹரி டான்ஸ் டிரஸ்ஸஸ் பக்கம் மட்டும் இளஞ்சிவப்பாகவே இருந்தது, மூலையில் சலங்கை ஆடியது. அதன் பெயரை ஒவ்வொரு வருடமும் நாள் தவறாமல் புதுப்பித்தான்.

சனிக்கிழமை அவர் வருவார். செருப்பைத் தட்டில் நேராக விடுவார். அவன் துடைத்துவைத்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அந்த வாரம் வந்து விழுந்த குப்பையை, பொருள் இருக்கிறதோ இல்லையோ, முதல் வரியிலிருந்து அவன் உரக்கப் படிக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய எந்த உளறலையும் விடக்கூடாது. ஆபாசமான இடம் வந்தால் குரலைத் தாழ்த்துவான். அவர் முகம் அசையாது. அவர் கேட்டுக்கொண்டிருந்தது சொல்லை அல்ல, ஓசையை.

சில வரிகளில் பாட்டுப்போல் ஓர் ஓட்டம் இருக்கும். அப்போது கையைத் தூக்கி நிறுத்துவார்.

"அத இன்னொரு தடவ."

பாண்டியராஜன் நிறுத்தி நிறுத்திப் படிப்பான், எழுத்து எழுத்தாக. ஹரிநாராயணன் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு மெல்லத் தலையை ஆட்டுவார்.

"இல்ல. அடுத்தது படிங்க."